அரை வயிற்றோடு வாழ்ந்த வருஷங்கள்

கண்டி மலைகளில் தேயிலை வருவதற்கு முன்னால், பார்த்த இடமெல்லாம் காப்பியாக இருந்த காலத்தில், பிலிமத்தலாவையில் ரோட்டை ஒட்டி எங்களுக்கு ஒரு சாப்பாட்டுக் கடை இருந்தது. எங்களுக்கு என்று சொன்னாலும் கடை என் மனைவியுடையதுதான். நான் விறகு பிளப்பேன், தண்ணீர் சுமப்பேன், வண்டி மாடுகளுக்குத் தொட்டி நிரப்புவேன், இலை போடுவேன். சமையல் முழுக்க அவள் கையில். ரயில் வந்து சில வருஷமாகியும் தோட்டங்களிலிருந்து மூட்டைகளைக் கீழே கொண்டுவர மாட்டு வண்டிதான் வேண்டியிருந்தது. அந்த வண்டிக்காரர்கள் எங்கள் கடைக்கு முன்னால் மாட்டை அவிழ்த்துவிட்டு உட்கார்ந்தால், "அக்கா கையால ரெண்டு அகப்பை அள்ளி வைங்க" என்றுதான் கேட்பார்கள். நான் பரிமாறினால் குறைத்துப் போடுகிறேன் என்று அவர்களுக்கு ஒரு நினைப்பு.

அது உண்மையும்கூட. அவள் போடுகிற அளவுக்கு யாராலும் போட முடியாது. சின்னப் பிள்ளையாக இருக்கும்போது தகப்பன் கையைப் பிடித்துக்கொண்டு மன்னாரில் தோணி இறங்கி, காப்பித் தோட்டத்துக்குக் காட்டு வழியாக நடந்தே வந்தவள் அவள். வழியில் பல நாள் பட்டினி. அந்த நடையைப் பற்றி அதிகம் பேசமாட்டாள். ஆனால் கடைக்கு வந்த ஒருவன் வயிறு நிறையாமல் எழுந்து போவதை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. தான் சாப்பிடுவதிலும் அப்படித்தான். மத்தியானக் கூட்டம் கலைந்த பிறகு பெரிய கும்பாவில் சோற்றைக் கொட்டி, மிளகாய்க் குழம்பை ஊற்றி, தணலில் சுட்ட கருவாட்டை உதிர்த்துப் போட்டுக்கொண்டு குசினி வாசற்படியில் உட்கார்வாள். பிறகு ஒரு சுருட்டு. ராத்திரி உடம்பு வலிக்குத் தவறணையிலிருந்து வாங்கி வந்த சாராயம் கொஞ்சம். அந்தக் காலத்தில் இதையெல்லாம் கெட்ட பழக்கம் என்று யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை. உழைக்கிற உடம்புக்கு இதெல்லாம் வேண்டும் என்றே நானும் நினைத்திருந்தேன்.

அவளுக்கு நாற்பது வயது தாண்டிய சமயம் கும்பா சின்னதாகத் தொடங்கியது. நாலு வாய் சாப்பிட்டதும் நெஞ்சு அடைக்கிறது என்று எழுந்துவிடுவாள். கொல்லைப் பக்கம் போய் வாந்தி எடுத்துவிட்டு, வாயைக் கொப்பளித்து, ஒன்றும் நடக்காதவள் மாதிரி வந்து சட்டி கழுவுவாள். கேட்டால், "வாய்வுங்க, வேற ஒன்னுமில்ல" என்பாள். இஞ்சி தட்டிக் குடித்தாள், ஓமத் தண்ணீர் குடித்தாள். ஒன்றும் கேட்கவில்லை. தினமும் பக்கத்திலேயே இருந்ததாலோ என்னவோ, அவள் எவ்வளவு இளைத்துவிட்டாள் என்பது என் கண்ணில் படவில்லை. அதைச் சொன்னவர் எங்கள் அடுத்த கடை நானாதான்.

நானா எங்களுக்கு அரிசியும் கருவாடும் கொடுக்கிற முஸ்லிம் வியாபாரி. என் மனைவியைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். ஒரு நாள் அரிசி மூட்டையை இறக்கிவிட்டு என்னை ஓரமாக அழைத்துப் போனார்.

"தங்கச்சி ஒடம்பு பாதியாப் பெய்த்திரிக்கி. நீங்க பாக்கல்லியா?"

"வாய்வுன்னு சொல்றா நானா."

"வாய்வுக்கு இப்பிடி மெலியிறல்ல. டவுண்ல ஒரு டொக்டர் இரிக்கார், யாழ்ப்பாணத்து ஆள். நாளைக்கு நான் வண்டியில கண்டிக்குப் போற. ரெண்டு பேரும் வாங்க."

அவள் வரமாட்டேன் என்றாள். கடையை யார் பார்ப்பது என்றாள். நான் அடுப்பில் தண்ணீரை ஊற்றி அணைத்துவிட்டேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் அப்படி ஒன்று செய்ததில்லை. ஒரு நிமிஷம் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றவள், பிறகு போய் நல்ல சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டாள்.

டாக்டர் யாழ்ப்பாணத்தில் மிஷன்காரர்களிடம் படித்துவிட்டு வந்தவர். கண்டி மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு அறையில் நோயாளிகளைப் பார்த்தார். அவளை வாங்குப் பலகையில் படுக்கச் சொல்லி, விலா எலும்புக்குக் கீழே விரல்களை வைத்து மெதுவாக அழுத்தினார். ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போனார். அவர் முகம் மாறுவதை நான் பார்த்தேன்.

"எழும்புங்கோ அம்மா. எவ்வளவு நாளாச் சாப்பாடு இறங்கேல்லை?"

"காப்பி பூக்கிற காலத்துல இருந்துங்க."

"சுருட்டுக் குடிக்கிறனீங்களோ?"

அவள் என்னைப் பார்த்தாள். "குடிப்பேன்" என்றாள்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு எங்களுக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "மறைச்சுப் பேச எனக்குத் தெரியாது. இரைப்பையிலை ஒரு கட்டி இருக்கு. புற்று எண்டுதான் நான் நினைக்கிறன். அதை அறுத்து எடுக்க இஞ்சை ஒருத்தராலும் ஏலாது. மருந்தாலை கரைக்கவும் ஏலாது."

"அப்ப எதுக்கு வந்தோம்?" என்றாள் அவள்.

"நல்ல கேள்வி" என்றார் டாக்டர். அவர் சிரிக்கவில்லை. "இந்த வருத்தத்தோடை கன பேரைப் பாத்திருக்கிறன். முந்தின மாதிரியே குடிச்சு, புகைச்சு, உறைப்பும் உப்பும் திண்டவை கெதியாப் போயிட்டினம். எல்லாத்தையும் விட்டவை கொஞ்ச நாள் கூட இருந்தினம். விட்டதாலைதான் இருந்தினமோ எண்டு கேட்டா எனக்குச் சரியாத் தெரியாது. ஆனா இருந்த நாளிலை நோ குறைவா, சந்தோசமா இருந்தினம். அது எனக்குத் தெரியும்."

பிறகு சொன்னார். சுருட்டும் சாராயமும் கூடாது. கருவாடு, ஊறுகாய், மிளகாய் எதுவும் வாயில் படக்கூடாது. சோற்றைக் குழைத்து, கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு நாளில் பல தடவை சாப்பிட வேண்டும். சாப்பிட்டதும் படுக்கக்கூடாது, சற்று நடக்க வேண்டும். அடுப்புப் புகையில் நாள் முழுக்க நிற்கக்கூடாது. வெளியே வரும்போது என்னை மட்டும் நிறுத்தி, அடுத்த அறுவடைக்குக் காப்பிப் பழம் சிவக்கும்வரை இருந்தால் பெரிய காரியம் என்றார். அவள் வாசலில் நின்றாள். காதில் விழுந்திருக்கும் என்றே இன்றைக்கும் நினைக்கிறேன்.

திரும்பும் வழியில் பேராதனைப் பாலம் வரும்வரை அவள் சேலை முந்தானையை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டு வந்தாள். நானா வண்டியின் முன்னால் மாட்டோடு பேசிக்கொண்டு வந்தார். பாலத்தில் சக்கரங்கள் கடகடவென்று ஏறியபோது அவள் என் பக்கம் திரும்பினாள்.

"கருவாடு இல்ல, சுருட்டு இல்ல, சாராயம் இல்ல. அப்பறம் நா எதுக்குங்க காலையில எந்திரிக்கணும்?"

"கடை தொறக்கத்தான்" என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். கண்ணில் தண்ணீரோடுதான். ஆனாலும் அது சிரிப்புதான். நானா திரும்பிப் பார்த்து, "என்ன தங்கச்சி?" என்றார். "ஒன்னுமில்ல நானா, நாளைக்கு எனக்குக் கருவாடு போடாதீங்க. கடைக்கு மட்டும் போடுங்க" என்றாள்.

சாராயம் சுலபமாகப் போனது. சுருட்டுதான் பாடாய்ப் படுத்தியது. வண்டிக்காரர்கள் புகைத்துக்கொண்டிருக்கும் இடத்துக்கு ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு போய் நிற்பாள். "இலை எடுக்க வந்தேன்" என்பாள். இலை எடுத்து முடிந்திருக்கும். பிறகு அவர்களே விஷயம் தெரிந்து, அவள் தலை தெரிந்தாலே சுருட்டை அணைத்துக் காதில் செருகிக்கொண்டார்கள். அதில் அவளுக்குக் கோபம் வந்தது. "எனக்கு வந்த சீக்குக்கு நீங்க என்னடா பண்ணுவீங்க, குடிங்க" என்று கத்தினாள். அவர்களுக்கான சமையலில் காரத்தைக் குறைக்கவும் அவள் சம்மதிக்கவில்லை. அவர்களுக்குப் பழைய குழம்பு, அவளுக்குத் தனிச் சட்டியில் சுரைக்காயோ பூசணியோ தேங்காய்ப் பாலில் வேகும். நானாவும் நானும் சேர்ந்து குசினிக் கூரையில் ஒரு பக்கத்தைத் தூக்கிப் புகை போக வழி செய்தோம். அதைப் பார்த்துவிட்டு, இதைக் கல்யாணமான வருஷமே செய்திருக்கலாமே என்று கேட்டாள்.

கருவாட்டிடம் ஒரு தரம் தோற்றாள். தீபாவளி அன்று கடை மூடியிருந்தது. நான் கோயிலுக்குப் போய்விட்டு வந்தால் வீடெல்லாம் சுட்ட கருவாட்டு மணம். அவள் வாசற்படியில் பழைய கும்பாவோடு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் கும்பாவை மறைக்கவில்லை. "நல்லா இருந்துச்சுங்க" என்றாள். அந்தி சாய்வதற்குள் வலி பிடித்துக்கொண்டது. வாந்தியில் காப்பித்தூள் மாதிரி கறுப்பாக வந்தது. அவள் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முடிந்தது என்று நினைத்தேன். மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டாள். அதற்குப் பிறகு கருவாட்டுப் பக்கம் போகவில்லை. விஷயம் கேள்விப்பட்டு டாக்டர் கடுகண்ணாவைக்குப் போகிற வழியில் கடையில் இறங்கினார். திட்டுவார் என்று அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றாள். அவர் நாடி பார்த்துவிட்டு, "என்ன கருவாடு?" என்று கேட்டார். "சீலா" என்றாள். "அப்ப நானும் திண்டிருப்பன்" என்றார் அவர்.

அவளுக்கு உண்மையான கஷ்டம் வேறு. குழம்பை நாக்கில் வைத்துப் பார்க்காமல் எப்படி இறக்குவது? மிளகாய் அவள் நாக்கில் படக்கூடாது. ஆகவே ருசி பார்க்கிற வேலை எனக்கு வந்தது.

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு."

"நல்லா இருக்குன்னா? உப்பு?"

"இருக்கு."

"உப்பு இருக்குன்னு எனக்குத் தெரியும், நான்தான போட்டேன். முதல்ல புளி வருதா, காரம் வருதா?"

"ரெண்டும் சேந்து வருது."

"உங்களுக்கு இத்தனை வருஷம் ஆக்கிப் போட்டேனே" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

ஆனால் விடவில்லை. ஒவ்வொரு நாளும் அகப்பையை நீட்டிக் கேட்டாள். வாயில் ஊற்றியதும் விழுங்காதீர்கள், நாக்கின் ஓரத்தில் என்ன தெரிகிறது சொல்லுங்கள் என்பாள். அவள் மணத்தை வைத்துப் பாதி கண்டுபிடிப்பாள், மீதியை என் வாயிலிருந்து பிடுங்குவாள். இப்படியே சில மாதங்களில் குழம்பு பழைய நிலைக்கு வந்தது. ஒரு வண்டிக்காரன் இலையை மடித்துவிட்டு, "அக்காவுக்குச் சொகமாயிருச்சு போல, கொழம்புல தெரியுது" என்றான். அன்றைக்கு முழுக்க அவள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

சாப்பாட்டுக் கடை நடத்துகிறவர்கள் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. அவள் ஒரு மூலையில், நான் ஒரு மூலையில், கிடைத்த நேரத்தில் அள்ளிப் போட்டுக்கொள்வோம். இப்போது அவளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை சாப்பாடு. குழைத்த சோறு அரைக் கிண்ணம், பாசிப்பயற்றுக் கஞ்சி, அவித்த முட்டை, பழுத்த பப்பாளி, பாலில் நனைத்த பாண் ரொட்டி. தனியாக உட்கார்ந்தால் சாப்பிடமாட்டாள். அதனால் ஒவ்வொரு வேளையும் நானும் ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தேன். மெதுவாக மென்று தின்ன வேண்டும் என்பதால் பேச்சு வளரும். அவள் ஊர் எது, தாய் எப்படி இருப்பாள், அந்த மன்னார் வழியில் எங்கே ஒரு கிழவர் அவளுக்குப் பனங்கிழங்கு கொடுத்தார் என்பதெல்லாம் அந்தக் கிண்ணங்களுக்கு நடுவில்தான் எனக்குத் தெரிந்தது. இருபது வருஷத்துக்கு மேல் ஒரே வீட்டில் இருந்தவளைப் பற்றி எனக்கு எவ்வளவு தெரியாமல் இருந்திருக்கிறது. சாப்பிட்டதும் ஓடைக்கரை வரை நடப்போம். ரோட்டில் போகிறவர்கள், கல்யாணமாகி முதல் மாதம் போல நடக்கிறார்களே என்று கேலி செய்வார்கள். "ஆமா, அப்ப நடக்க நேரமில்ல" என்று அவள் பதில் கொடுப்பாள்.

டாக்டர் சொன்ன அறுவடை வந்தது. வண்டிகள் வரிசையாக இறங்கின. அவள் இருந்தாள். உடம்பில் கொஞ்சம் சதைகூடப் பிடித்திருந்தது. அறுவடை முடிந்து மழை பெய்து வெயில் வந்த ஒரு காலையில், தோட்டத்துக் கங்காணி ஒருவர் கடையில் உட்கார்ந்து, கண்டிக்கு மேலே ஹந்தானையில் காப்பி பூத்திருக்கிறது, மலை முழுக்க வெள்ளை என்றார். அவள் அகப்பையைக் கீழே வைத்தாள்.

"காப்பியை மூட்டை மூட்டையாப் பாத்திருக்கேன். எங்க அப்பா அந்தக் காப்பிலதான் செத்தாரு. பூவை நான் ஒரு நாளும் நின்னு பாத்ததில்லங்க."

மறுநாள் கடை மூடினோம். நானாவே வண்டியைக் கொடுத்தார். கண்டி வரை போய், அங்கிருந்து தோட்டத்துக்கு ஏறுகிற வண்டிப் பாதையில் முடிந்த தூரம் போனோம். மீதியை அவள் நடந்தாள். நான் தாங்கிக்கொள்ளக் கை நீட்டினேன், தட்டிவிட்டாள். வளைவு ஒன்றைத் தாண்டியதும் நின்றுவிட்டாள். மலை முழுக்க வரிசை வரிசையாகச் செடிகள், ஒவ்வொரு கொப்பிலும் பூ. மல்லிகை மாதிரி ஒரு வாசம், ஆனால் மல்லிகை இல்லை. தேனீக்களின் சத்தம் காதை நிறைத்தது. கீழே கண்டிக் குளம் ஒரு துண்டுக் கண்ணாடியாகத் தெரிந்தது.

அவள் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்தாள். நான் துணியை அவிழ்த்துக் கிண்ணங்களை எடுத்தேன். பாலும் சோறும். தொழிலாளர் லயத்திலிருந்து தண்ணீர் எடுக்க வந்த ஒரு பெண் எங்களைப் பார்த்து, "எங்க இருந்து வாறீங்க? இங்க என்ன சோலி?" என்று கேட்டாள்.

"பூப் பாக்க வந்தோம்" என்றாள் என் மனைவி.

அந்தப் பெண்ணுக்கு ஆச்சரியம். "இதப் பாக்கவா? இது நாளைக்கழிச்சுக் கொட்டிப் போயிருமே."

"அதான் இன்னைக்கே வந்தோம்."

அந்தப் பெண்ணும் குடத்தை இறக்கி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் எங்களோடு நின்று பார்த்தாள். அன்றைக்கு என் மனைவி கிண்ணத்தில் ஒரு பருக்கைகூட மீதி வைக்கவில்லை. வலியும் வரவில்லை. திரும்பும் வழியில் வண்டியிலேயே தூங்கிவிட்டாள்.

அதற்குப் பிறகும் ஒரு அறுவடையைப் பார்த்தாள். டாக்டருக்கு அது நம்ப முடியாததாக இருந்தது. ஒவ்வொரு தடவை கண்டிக்குப் போகும்போதும் அதே இடத்தில் விரலை வைத்து அழுத்துவார். "கட்டி அப்பிடியேதான் இருக்கு. கொஞ்சம் வளந்தும் இருக்கு" என்பார். "இருந்துட்டுப் போகட்டுமுங்க. எனக்கும் இடம் விட்டுத்தான வச்சிருக்கு" என்பாள் இவள். என்ன சாப்பிடுகிறாள், எவ்வளவு நடக்கிறாள், எப்படித் தூங்குகிறாள் என்று அவர் துருவித் துருவிக் கேட்பார். இவள் சொல்லச் சொல்ல ஆர்வமாகக் கேட்டுக்கொண்டிருப்பார். இதே வருத்தத்தோடு வந்த வேறு ஒரு பெண்ணை எங்கள் கடைக்கே அனுப்பி வைத்தார். என் மனைவி அவளை உட்காரவைத்துக் கஞ்சி எப்படிக் காய்ச்சுவது என்று காட்டிக் கொடுத்தாள். அந்தப் பெண் பாவம், சில மாதங்களில் போய்விட்டாள். எல்லாம் செய்தும் போய்விட்டாள். அதைக் கேட்ட அன்று என் மனைவி கிண்ணத்தைத் தொடவில்லை. மறுநாள் வழக்கம்போல அவளுடைய அரைக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

மூன்றாவது அறுவடை நெருங்கும்போது சோறு இறங்குவது நின்றது. பிறகு கஞ்சி, பிறகு வெறும் பால் தண்ணீர். டாக்டர் அபின் கலந்த மருந்துத் துளிகள் கொடுத்தார், அதனால் வலி பெரும்பாலும் அடங்கியே இருந்தது. நானா தன் வீட்டிலிருந்து சாய்வுக் கதிரை ஒன்றைக் கொண்டுவந்து குசினி வாசலில் போட்டார். அதில் சாய்ந்துகொண்டு அவள் எனக்குச் சமையல் சொன்னாள். உரலைப் பார்க்காமலே மிளகு நைந்துவிட்டதா என்று சத்தத்தில் சொல்வாள். ஒரு நாள், "உங்களுக்கு ஒன்னு சொல்லவா?" என்றாள். சொல் என்றேன்.

"சின்னதுல பசின்னா எனக்கு அவ்வளவு பயம். வயிறு நெறஞ்சிருந்தாத்தான் தூக்கம் வரும். இந்த ரெண்டு மூணு வருசமா அரை வயிறுதான். ஆனா பயம் வரலைங்க. ஏன்னு தெரியல."

நான் அவள் காலடியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அடுத்த வெங்காயத்தை எடுத்தேன்.

ஒரு காலை நேரம், கடையில் ஆட்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே, அந்தக் கதிரையில் தூங்கின மாதிரி போய்விட்டாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எழுந்து கை கழுவிவிட்டு வந்து, தாங்களே பாடை கட்டித் தூக்கினார்கள். அவர்களில் சிங்கள வண்டிக்காரர்களும் இருந்தார்கள். டாக்டர் கண்டியிலிருந்து வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. என் பக்கத்தில் உட்கார்ந்து, "நான் சொன்னதைவிட அவ கனகாலம் இருந்திட்டா. நான் சொன்னது பிழையாப் போனதிலை எனக்குச் சந்தோசம்" என்றார்.

அதே வருஷத்திலோ அடுத்த வருஷத்திலோ காப்பி இலைகளின் அடியில் மஞ்சளாகத் தூள் மாதிரி ஒரு நோய் படிய ஆரம்பித்தது. இலைகள் கொட்டின. தோட்டங்கள் ஒவ்வொன்றாகப் படுத்தன, வண்டிகள் குறைந்தன. கடையை நான் கொஞ்ச காலம் நடத்தினேன். பிறகு நானா கண்டி மார்க்கெட்டில் கடை எடுத்தபோது, "தனியா இரிந்து என்ன செய்ற? எனக்கும் ஒரு நம்பிக்கையான ஆள் தேவ" என்று என்னையும் கூட்டிக்கொண்டார். இப்போது அங்கேதான் இருக்கிறேன். காலையில் கடை திறந்து சாமான்களைத் துடைத்து வைக்கிறேன். மழை இல்லாத நாட்களில் மத்தியானம் குளத்தைச் சுற்றி ஒரு நடை. என் சாப்பாடு சின்னக் கிண்ணத்தில்தான். பெரிய இலையில் யாராவது விருந்து வைத்தால் பாதியில் எழுந்துவிடுகிறேன். நானாவின் பேரப்பிள்ளைகள் அதைப் பார்த்து, "இவ்வளவுதானா?" என்று கேட்பார்கள். இவ்வளவு போதும் என்பேன். போதுமாகத்தான் இருக்கிறது.